விழுங்குவதைப் பார்ப்பது என் வேலை

போன மாதம் எங்கள் காசநோய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நான்கு பேர் முன்னால் பத்து நிமிடம் அனுபவத்தைப் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். எழுந்து நின்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "எல்லாரும் நல்லா வேலை பாருங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். நெல்லை வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த நால்வரில் ஒரு பெண்ணும் அங்கே வந்து நின்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"சார், இப்பம் மாத்திரையை மாசக் கணக்குல கையில குடுத்துருதோம். சாப்பிட்டா போன்ல பதிவாயிருது. அப்பம் நீங்கள்லாம் தெனமும் வீடு வீடா போயி என்னத்தத்தான் பாத்திய?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சங்கரபாண்டி. காசநோய் சுகாதாரப் பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பன்னிரண்டு வருடம் ஏரலுக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் இடையில், ஆற்றை ஒட்டிய ஒரு சுகாதார நிலையத்தில் இருந்தேன். அதன் பெயர் வேண்டாம். நான் சொல்லப் போகும் தவறு என்னுடையது, அந்த இடத்தினுடையது அல்ல.

என் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். நோயாளி மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, விழுங்கி முடிக்கும்வரை எதிரே இருந்து பார்க்க வேண்டும். பார்த்தபின் அவருடைய கார்டில் அன்றைய கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். இதைக் கேட்டு என் மைத்துனன் சிரித்தான். "ஏன் அத்தான், ஒருத்தன் மாத்திரை திங்கதப் பாக்கதுக்கு கவர்மெண்டு ஆள் வச்சிருக்கா?" நானும் அப்போது சிரித்தேன். எனக்கும் அது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

பயிற்சி சில வாரம் நடந்தது. சளி மாதிரி எடுப்பது, கார்டு எழுதுவது, மாத்திரை அளவு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் மனதில் நின்றது ஒன்றுதான். காசநோய்க்கு நல்ல மருந்து இருக்கிறது. ஆனால் ஆறு மாதம், விடாமல் சாப்பிட வேண்டும். முதல் மாதத்திலேயே இருமல் அடங்கிவிடும். காய்ச்சல் நிற்கும், பசி எடுக்கும், சட்டை பிடிக்க ஆரம்பிக்கும். ஆளுக்கு நோய் போய்விட்டது என்றே தோன்றும். கிருமி சாகாமல் பதுங்கியிருக்கும். மூன்றாம் மாதம்தான் கண்டம். அப்போது விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்தைப் பழகிக்கொண்டு எழுந்துவரும்.

ஒழுங்குக்கும் எனக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலையில் எழுந்திருக்க ஒரு நேரம் கிடையாது. வண்டிச் சாவியைத் தேடாத நாள் கிடையாது. தோன்றினால் சவரம், தோன்றினால் சாப்பாடு. மற்றவர்களை நேரத்துக்கு மாத்திரை விழுங்க வைக்கிற வேலைக்கு என்னைப் போல ஒருவனை எடுத்தார்கள் என்பது எனக்கே வேடிக்கைதான்.

எனக்கு மேற்பார்வையாளராக வந்தவர் எஸ்தர் மேடம். பாளையங்கோட்டைக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மாதம் இரண்டு முறை பழைய மொபெட்டில் வருவார். வந்ததும் கார்டைக் கேட்க மாட்டார். செருப்பை வாசலில் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்வார்.

"ம், ஆளுகளச் சொல்லுங்க பாண்டி."

நான் ஒவ்வொரு நோயாளியாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை, "எல்லாரும் ஒழுங்கா சாப்பிடுதாங்க மேடம்" என்றேன்.

"கருப்பாயி அம்மா தண்ணி எதுல குடிக்கா?"

"மேடம்?"

"மாத்திரை போடும்போது. செம்புலயா, டம்ளர்லயா? எத்தன மடக்கு?"

எனக்குத் தெரியவில்லை. இந்த அம்மாளுக்கு என்ன, கோட்டி, பைத்தியம் பிடித்திருக்கிறதா என்றுகூட நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. "பாத்தவனுக்கு யோசிக்க வேண்டாம், பாண்டி. பாக்காதவன்தான் யோசிப்பான்" என்றார். அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார்.

மறுநாள் கருப்பாயி அம்மாளை நிஜமாகவே பார்த்தேன். அதுவரை மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கார்டை எடுக்கப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த அம்மாள் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, மற்ற இரண்டையும் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு நின்றார். நான் போனதும் துப்பிவிடுவாராம். தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று பயம். ஒவ்வொன்றாக, நடுவே ஒரு வாய் பழைய கஞ்சியோடு கொடுத்ததும் இறங்கிவிட்டது. எத்தனை நாள் அவர் கார்டில் நான் டிக் போட்டிருந்தேன் என்பதை அன்று எண்ணிப் பார்த்தேன்.

அதிலிருந்து ஒரு வரிசை உண்டாயிற்று. முதலில் உட்காருவது. கை சும்மா இருக்க வேண்டும், பை தோளில் இருக்க வேண்டும். மாத்திரையைக் கொடுப்பது, பார்ப்பது. விழுங்கியதும் அவரை இரண்டு வார்த்தை பேச வைப்பது, ஏனென்றால் வாயில் ஒதுக்கியவர்களால் பேச முடியாது. அதற்குப் பிறகுதான் பையைத் திறந்து கார்டை எடுப்பது. இந்த வரிசையை மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் அது கால் நடப்பது போலத் தானாக வர ஆரம்பித்தது. அதற்காக ஆறு மணிக்கு எழுந்தேன். எழுந்ததால் சவரம் நடந்தது. சாவி ஒரு ஆணியில் தொங்க ஆரம்பித்தது. ஒழுங்கு எனக்கு உள்ளேயிருந்து வரவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்ததால் வந்தது.

இப்படிச் சில வருடங்கள் போயின. நான் நல்ல வேலைக்காரன் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்த காலத்தில்தான் மாடசாமி வந்தார்.

மாடசாமிக்கு நாற்பது வயது இருக்கும். வாழைத்தார் சுமக்கிறவர். வயக்காட்டில் வெட்டிய தாரைத் தோளில் தூக்கி, வரப்பு வழியாக நடந்து, லாரியில் ஏற்ற வேண்டும். உயரமான ஆள். வரும்போது நெஞ்சு ஒடுங்கி, தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கூட்டிக்கொண்டு வந்தவர் அவருடைய மனைவி பேச்சியம்மாள்.

"ரத்தமாத் துப்புதாக அண்ணாச்சி."

"ரத்தமெல்லாம் இல்ல அண்ணாச்சி, வெத்தல எச்சி" என்றார் மாடசாமி.

"வெத்தலைய விட்டு ஒரு மாசம் ஆச்சே" என்றார் பேச்சியம்மாள்.

பரிசோதனையில் நோய் உறுதியானது. சுமை ஏற்றும் வேலை விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும் என்பதால் அவரால் சுகாதார நிலையத்துக்கு வர முடியாது. ஆறரை மணிக்கு லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடையில் சுமைக்காரர்கள் டீ குடிப்பார்கள். நானே அங்கே வருவதாகச் சொன்னேன். கடைக்குப் பின்னால், வாழைச்சருகு குவித்திருக்கும் இடத்தில் நின்று மாத்திரையைப் போட்டுக்கொள்வார். கண்ணாடி டம்ளர், மூன்று மடக்கு. மூன்றாவது மடக்குக்குப் பிறகு கண்ணை இறுக மூடித் திறப்பார். இரண்டு மாதம் ஒரு நாளும் தவறவில்லை. சளி சுத்தமாக இருந்தது. எடை ஏறியது. மறுபடி முழுத் தாரைத் தூக்க ஆரம்பித்தார்.

பிறகு ஐப்பசி மழை வந்தது.

மழை ஒரு சாக்கு, அவ்வளவுதான். அந்த டீக்கடைக்குப் போகிற பாதை சேறானது. எனக்கு மூட்டுவலி. மாடசாமி நம்பிக்கையான ஆள். ஒரு நாள் ஒரு வாரத்துக்கான மாத்திரை அட்டையை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"நீரே போட்டுக்கிடும்வே. நான் வரணும்னு இல்லல்லா?"

அவர் ஒரு நிமிடம் அட்டையைப் பார்த்தார். "சரி அண்ணாச்சி."

அடுத்த வாரம் காலி அட்டையைக் கேட்டேன். வீட்டில் இருக்கிறது என்றார். அதற்கடுத்த வாரம் நான் கேட்கவேயில்லை; மீதி மாதங்களுக்கான அட்டைகளை மொத்தமாகக் கையில் கொடுத்துவிட்டு, போவதையே நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை மதியம் மேசையில் உட்கார்ந்து, அந்த வாரத்துக் கட்டங்களில் வரிசையாக டிக் போட்டேன். முதல் வாரம் கை கொஞ்சம் கூசியது. மூன்றாவது வாரம் கூசவில்லை. சனிக்கிழமை டிக் போடுவதும் ஒரு பழக்கமாகிவிட்டது. நல்ல பழக்கத்தைக் கட்ட எனக்கு ஆறு மாதம் ஆனது. இதற்கு மூன்று வாரம் போதுமானதாக இருந்தது.

தை மாதம் மாடசாமியைத் தற்செயலாக ரோட்டில் பார்த்தேன். வாயில் துண்டை வைத்துக்கொண்டு இருமினார். அன்றே சளி எடுத்தோம். மறுபடி கிருமி இருந்தது.

விவரம் போன மறுநாள் எஸ்தர் மேடம் வந்துவிட்டார். வழக்கம் போலச் செருப்பைக் கழற்றினார், முகம் கழுவினார், உட்கார்ந்தார். நான் மாடசாமியின் கார்டை முன்னால் தள்ளினேன். ஒரு கட்டம் விடாமல் டிக். அவர் அதைத் தொடவில்லை.

"மாடசாமி தண்ணி எதுல குடிக்காரு?"

"கண்ணாடி டம்ளர்ல மேடம். டீக்கடையில. மூணு மடக்கு."

இதைச் சொல்லும்போது நான் யோசிக்கவில்லை. அதனால் உண்மை போலவே வந்தது.

"நான் அந்த வழியாத்தான் வந்தேன் பாண்டி. மழையில சுவர் சாஞ்சி அந்தக் கடைய அடச்சி ரெண்டு மாசம் ஆச்சாமே."

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க. ஆளப் பாத்துட்டு வருவோம்."

மாடசாமியின் வீடு வாய்க்காலைத் தாண்டி, வாழைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. அவர் கட்டிலில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மேடம் முதலில் பேச்சியம்மாளிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எந்த நோயாளி வீட்டிலும் அதைத்தான் முதலில் செய்வார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மாத்திரையெல்லாம் சாப்பிட்டீங்களா?"

மாடசாமி என்னைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்துச் சொன்னார். "எல்லாம் சாப்பிட்டுட்டேன் மேடம். ஒரு நாள் விடல. அண்ணாச்சி முன்னால வச்சித்தான் சாப்பிட்டேன்."

என் கார்டு சொன்ன பொய்யையே அவரும் சொன்னார்.

பேச்சியம்மாள் உள்ளே போனார். ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேடத்தின் முன்னால் திறந்து வைத்தார். உள்ளே மாத்திரை அட்டைகள். சிலவற்றில் ஒன்றிரண்டு நாள் மாத்திரை மட்டும் போயிருந்தது. சில அப்படியே இருந்தன.

"பொய் சொல்லாதிய" என்றார் கணவனிடம். "செத்துப் போவிய. அதுக்கப்புறம் யார்ட்ட பொய் சொல்லுவிய?"

மாடசாமி தலையைக் குனிந்துகொண்டார். "வெறும் வயித்துல போட்டுட்டு தார் தூக்குனா பெரட்டுது மேடம். ரெண்டு மட்டம் லாரிகிட்டயே வாந்தி எடுத்துட்டேன். பொறவு, இந்த மாத்திரைக்கு ஒண்ணுக்கு செவப்பாப் போவுதுல்லா? கூட வேல பாக்கவனுவ பாத்துட்டானுவ. 'ஏலே, இவனுக்கு என்னமோ பெரிய சீக்கு'ன்னு தள்ளித் தள்ளிப் போறானுவ. அண்ணாச்சி வந்து நிக்கும்போது அதெல்லாம் தெரியல. அவுக வராம ஆனதும் நாளைக்குப் போடுவோம், நாளைக்குப் போடுவோம்னு ஆயிட்டு."

"பாண்டி சார்கிட்ட சொல்லிருக்கலாமே?"

மாடசாமி என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நான் சாப்பிடலன்னு சொன்னா, அண்ணாச்சி பாக்கலன்னு ஆயிரும்லா? அவுக வேலைக்கு ஒண்ணு ஆச்சின்னா? நமக்காக மழையில சேத்துல வந்த மனுசன்."

அவர் இருமிக்கொண்டே இதைச் சொன்னார். என் டிக்கைக் காப்பாற்றுவதற்காக அந்த மனிதர் தன் நெஞ்சுக்குள் நோயை வைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நான் பாக்கல" என்றேன். "ஐப்பசியில இருந்து பாக்கல."

"தெரியும்" என்றார்.

சுகாதார நிலையத்துக்குத் திரும்பியதும் அந்தக் கார்டை என்னிடம் கொடுத்தார். டிக்கை அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. பார்க்காத ஒவ்வொரு நாளையும் வட்டமிட்டு, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதி, என் கையெழுத்தைப் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. எழுதி முடிக்கிறவரை அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் நோயாளிகளைப் பார்ப்பது போல அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "டாக்டர்ட்ட நீங்களே போயிச் சொல்லுங்க" என்றார். போய்ச் சொன்னேன். மெமோ வந்தது, விளக்கம் எழுதினேன், தண்டனையும் வந்தது. மேடம் என்னைக் காப்பாற்றவும் இல்லை, கூட்டி எழுதவும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார்.

அதைவிடப் பெரிது இன்னொன்று இருந்தது. மாடசாமியின் கிருமி மருந்துக்கு இன்னும் கட்டுப்படுகிறதா என்று பார்க்கச் சளியை வெளியே அனுப்பியிருந்தோம். கட்டுப்படாவிட்டால் நீண்ட வைத்தியம், கடுமையான மருந்துகள், பிழைப்பதே சந்தேகம். பேச்சியம்மாளுக்கும் சோதனை செய்தோம். அவருக்கு நோய் இல்லை. நான்காவது நாள் மேடம் போனில் கூப்பிட்டார்.

"மருந்துக்குக் கேக்குது பாண்டி."

போனை வைத்துவிட்டு மாடசாமிக்குப் புதுக் கார்டு ஒன்றை எடுத்தேன்.

வைத்தியத்தை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். ஆறு மாதம். தொடங்குவதற்கு முன்னால் மேடம் மாடசாமியிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு நாள்கூட விடாம நீங்க செய்யது என்ன?"

"ஒண்ணும் இல்ல மேடம். வேலைக்குப் போவேன், வருவேன். லாரி வரலன்னா வேலையும் இல்ல."

"அவுகளுக்குத் தெரியாது" என்றார் பேச்சியம்மாள். "ஆத்துல குளிக்காம சோத்துல கை வைக்க மாட்டாக. வேல இருந்தாலும் இல்லாட்டாலும். கல்யாணத்தன்னைக்கே பந்திய விட்டு எந்திச்சி ஆத்துக்குப் போன ஆளு."

"வாழக்கறை அரிக்கும்லா" என்றார் மாடசாமி வெட்கத்தோடு. "சின்னதுல இருந்தே அப்பிடி ஆயிட்டு."

மேடம் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், அங்கேயே முடிவானது. வேலை முடிந்து ஆற்றில் குளியல், வீட்டுக்கு வந்து சோறு, சோறு முடிந்த கையோடு மாத்திரை. வயிறு நிறைந்திருப்பதால் பிரட்டாது. சிறுநீர் சிவக்கும்போது அவர் வீட்டில் இருப்பார், வேலை இடத்தில் இல்லை. பன்னிரண்டரை மணிக்கு நான் அங்கே இருக்க வேண்டும். புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்வது கடினம். ஏற்கெனவே ஓடுகிற ஒன்றின் வாலில் முடிந்துவிட்டால் அது கூடவே ஓடும். இது எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை.

முதல் வாரங்களில் அவர் மாத்திரையை வெறுத்தார். சில நாள் தட்டின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கை சும்மா இருக்க, பை தோளில் இருக்க, உட்கார்ந்திருப்பேன். வற்புறுத்தினால் அவர் எனக்காக விழுங்குவார். அதன் விலையை ஒரு தடவை பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகள்தான் பயமுறுத்தின. வேலை இல்லாத நாளில் எந்த வரிசையும் குலைந்துவிடும். பேச்சியம்மாள் அதற்கு ஒரு வழி செய்தார். ஞாயிறும் அதே நேரத்தில்தான் உலை வைத்தார். சோறு வெந்த வாசனை வந்தால் அவர் தானாகத் துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிவிடுவார்.

இதற்கிடையில் எனக்கும் ஒன்று நடந்தது. பன்னிரண்டரைக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் பதினொன்றரைக்குள் மற்ற வேலைகளை முடிக்க வேண்டும். அதற்கு எட்டு மணிக்கே தொடங்க வேண்டும். என் நாள் முழுவதும் அந்த ஒரு வீட்டைச் சுற்றிக் கட்டப்பட்டது. சாயங்காலம் வீடு திரும்பும்போது மனம் இலேசாக இருந்தது. என்ன விட்டுப்போயிற்று என்ற அரிப்பு இல்லை. என் மனைவி ஒரு நாள் சொன்னாள்: "இப்பல்லாம் நீங்க நல்லாத் தூங்குதிய."

மூன்றாம் மாதம் பங்குனி உத்திரம் வந்தது. எங்கள் பக்கத்தில் அன்று எல்லோரும் அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவோம். மாடசாமியின் கோயில் மலையடிவாரத்தில், இரண்டு நாள் தங்க வேண்டும். என் கோயில் வேறு திசையில். ஆற்றுக் குளியல் இல்லை, வீட்டுச் சோறு இல்லை, நான் இல்லை. இரண்டு நாள் மாத்திரையைப் பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனேன். உத்திரத்தன்று பன்னிரண்டரைக்கு எங்கள் கோயிலில் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் குலவையிட்டார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பியதும் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். பேச்சியம்மாள் முந்தானையில் முடிந்திருந்த காலி அட்டையை எடுத்துக் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"எத்தன மடக்கு?"

"ரெண்டு" என்றார் உடனே. "ரெண்டாவது மடக்குல பொரையேறிட்டு. பூசாரி வந்து உச்சியில தட்டுனாரு."

மாடசாமி சிரித்தார். "மறந்துதான் போனேன் அண்ணாச்சி. சொக்காரப் பங்காளி ஒருத்தங்கூட பேசிட்டு இருந்தேன். திடீர்னு பாத்தா காலு எந்திச்சி நடக்கு. 'எங்கலே போற?'ன்னு கேக்கான். எனக்கே தெரியல. போயி நின்னா அங்கன ஒரு கிணறு. பொறவுதான் வெளங்குது, குளிக்கப் போயிருக்கேன். குளிச்சா பசிச்சிட்டு. சாப்பிட்டா கை மாத்திரைய தேடுது. மனசு மறந்துட்டு அண்ணாச்சி, உடம்பு மறக்கல."

அந்த இரண்டு நாள் கட்டங்களில் நான் டிக் போடவில்லை. 'மனைவி பார்த்தார்' என்று எழுதினேன். அடுத்த முறை வந்தபோது எஸ்தர் மேடம் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். அவரிடமிருந்து நான் வாங்கிய பெரிய பாராட்டு அது என்று நினைக்கிறேன்.

ஆடி மாதம் வைத்தியம் முடிந்தது. சளி சுத்தம். எக்ஸ்ரே படத்தில் நெஞ்சு தெளிந்திருந்தது. டாக்டர் கார்டில் 'குணமடைந்தார்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மாடசாமி கைகூப்பினார். பேச்சியம்மாள் சத்தமில்லாமல் அழுதார். மேடத்துக்கு மாற்றல் வந்திருந்தது. அன்று அவர் வரவில்லை. போனில் சொன்னேன். "சரி பாண்டி, அடுத்த ஆளச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு என் வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. அங்கே வேலை முடிந்துவிட்டது. திரும்பலாம் என்று வண்டியை நிறுத்தினேன். எதிரே மாடசாமி வந்துகொண்டிருந்தார். குளித்த தலை ஈரமாக இருந்தது.

"எங்கவே கெளம்பிட்டீரு?"

"உங்களத் தேடித்தான். சாப்பிட்டு முடிச்சிட்டு கைய நீட்டிட்டு உக்காந்திருக்கேன் அண்ணாச்சி. பேச்சி சிரிக்கா. வீட்ல இருப்புக் கொள்ளல. நீங்க இப்பம் எங்க போறிய?"

கீழத்தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அம்மாள்தான் நான் அடுத்துப் பார்க்க வேண்டிய நோயாளி. நோய் என்று தெரிந்ததும் கடையைத் தானே அடைத்துவிட்டவர். அன்று அவருக்கு மருந்து தொடங்கி மூன்றாம் நாள். முந்தின இரண்டு நாளும் வாந்தி. இனி தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தார். யார், எந்த வீடு என்று சொல்லாமல், இப்படி ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

"நான் வரட்டா?" என்றார் மாடசாமி.

வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டேன். அவரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போய், "உங்கள மாதிரி மருந்து சாப்பிட்ட ஒருத்தரு வந்திருக்காரு, வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் பக்கத்தில் இருந்த சோற்றுத் தட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "யாரு வந்தா என்ன? எனக்கு இது ஒத்துக்கிடாது. இப்பிடியே போயிச் சேந்துருதேன்" என்றார். வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாடசாமி குனிந்து உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"இத வெறும் வயித்துலயா போட்டிய?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் மெல்லத் திரும்பினார். "நீங்க யாரு?"

"இதே மாத்திரைய தின்னவன்தான். ஒரு மட்டம் ஒழுங்காத் திங்காம திரும்பவும் மொதல்ல இருந்து தின்னேன். பைய எந்திங்க. ஒரு வாய் சோறு சாப்பிடுங்க. நான் போக மாட்டேன், இங்கனதான் இருப்பேன்."

அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்தார். தார் சுமந்து சுமந்து மறுபடி திரண்டிருந்த அந்த மனிதரின் தோளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சோற்றுத் தட்டுக்குக் கையை நீட்டினார்.